அப்பாவின் நோட்டீசில் நான் எஞ்சினியர்

அப்பாவின் மரண அறிவித்தலில் நான் ஒரு பொறியியலாளர். ஊரில் மதிலுக்கு மதில் ஒட்டியிருந்த அந்த நோட்டீசைச் சித்தப்பா படம் எடுத்து எனக்கு அனுப்பியிருந்தார். நடுவில் அப்பாவின் படம், கீழே யாருடைய மகன், யாருடைய கணவர், பிறகு பிள்ளைகளின் வரிசை. அக்காவின் பேருக்குப் பக்கத்தில் ஆசிரியை. என் பேருக்குப் பக்கத்தில் பொறியியலாளர், அவுஸ்திரேலியா. அதை வாசித்தபோது நான் சிட்னியில் ஒரு கோழித் தொழிற்சாலையின் சாப்பாட்டு அறையில் இருந்தேன். தலையில் வலைத்தொப்பி, காலில் ரப்பர் பூட்ஸ், உடம்பெல்லாம் கோழி மணம். அழுதுகொண்டிருந்தவனுக்கு இடையில் சிரிப்பும் வந்துவிட்டது. எதிரில் இருந்த ஆப்கான்காரர் தன் தேநீரை என் பக்கம் தள்ளிவைத்துவிட்டு எழுந்து போனார்.

எங்கள் ஆட்களைத் தெரியாதவர்களுக்கு இதைச் சொல்லவேண்டும். ஒரு மனிதன் வாழ்ந்து என்னத்தைக் கண்டான் என்ற கேள்விக்கு எங்களிடம் உள்ள பதில் அந்த நோட்டீஸ்தான். செத்தவர் என்ன செய்தார் என்று யாரும் பெரிதாகப் பார்ப்பதில்லை. பிள்ளைகளின் பேர்களுக்குப் பக்கத்தில் என்ன போட்டிருக்கிறது என்றுதான் சந்தியில் சைக்கிளை நிறுத்தி வாசிப்பார்கள். டாக்டர், லண்டன். கணக்காளர், கனடா. வாசித்துவிட்டு, "குடுத்துவைச்ச மனுசன்" என்று ஒரு பெருமூச்சு விடுவார்கள். வாழ்நாள் முழுக்கச் சங்கக்கடை மனேஜராக அரிசிக்கும் மாவுக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்த என் அப்பா அந்தப் பெருமூச்சுக்கு ஆசைப்பட்டதில் என்ன பிழை?

ஆனால் எனக்கு வந்ததோ கோபம். எனக்கு எதுவும் முதலில் கோபமாகத்தான் வரும். சித்தப்பாவுக்குப் போன் எடுத்துக் கத்தினேன். அவரும் விடவில்லை.

"நானோடா கதை கட்டினனான்? கொப்பர் ஊரெல்லாம் அப்பிடித்தான் சொல்லித் திரிஞ்சவர். மகன் அங்க எஞ்சினியருக்குப் படிக்கிறான், முடிக்கப்போறான் எண்டு. நோட்டீசிலை வேறை மாதிரிப் போட்டால் சனம் என்ன கதைக்கும்?"

 செத்த வீட்டுக்கும் என்னால் போக முடியவில்லை. நான் படகில் வந்தவன். வில்லாவுட் தடுப்பு முகாமில் கொஞ்சக் காலம், பிறகு தற்காலிக விசா, பிறகு இன்னொரு தற்காலிக விசா. அந்த விசாவோடு ஊருக்குப் போனால் திரும்பி வர ஏலாது. அப்பாவின் இறுதிக் கிரியையை சிட்னியின் மெரிலேண்ட்ஸில் ஒரு அறைக்குள் இருந்து போனில் பார்த்தேன். இந்த நாட்டோடு எனக்குக் கோபமே இல்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய். ஆனால் சோறு போட்டதும் இந்த நாடுதான். கடைசியில் ஒரு நாள் நிரந்தர விசா தந்ததும் இதே நாடுதான். அதையும் நான் மறைக்கக்கூடாது.

அதற்கிடையில் நான் பஸ் ஓட்டுநர் ஆகிவிட்டேன். பெரிய வாகன லைசென்சுக்குப் படித்தேன், இரண்டாம் முறை பாஸ் பண்ணினேன். நீலச் சட்டை போட்டு, பரமட்டாவிலிருந்து நார்த்மீட் வழியாக வடக்கே போகும் பஸ்ஸின் ஸ்டியரிங்கை முதல் நாள் பிடித்தபோது, இவ்வளவு பெரிய சாமானை நம்பி என் கையில் தந்திருக்கிறார்களே என்று கண் கலங்கியது. கோழித் தொழிற்சாலையில் என்னை நம்பி ஒரு கத்திதான் தந்திருந்தார்கள். அன்றைக்கே அம்மாவுக்குப் போனில் சொன்னேன். "நல்லது தம்பி, கவனமா ஓடு" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு நான் வேலையைப் பற்றிக் கதை எடுத்தால் அவர் மழையைப் பற்றிக் கதைப்பார்.

இந்த வருடம் அம்மா விசிட் விசாவில் வந்தார். விமான நிலையத்தில் என்னைக் கண்டதும் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்து, "தலைமயிரெல்லாம் எங்கையடா?" என்று கேட்டு அழுதார். நானும் அழுதேன். அந்த முதல் கிழமை முழுக்க என் சின்ன வீட்டின் குசினிக்குள் மீன் குழம்பும் புட்டும் மணத்தன. வேலை முடிந்து வந்து கதவைத் திறக்கும்போது அந்த மணம் முகத்தில் அடிக்கும். எத்தனை வருடம் இதற்காகக் காத்திருந்தேன் என்று எனக்குத்தான் தெரியும்.

இரண்டாம் கிழமை ஒரு சாமத்தியவீட்டுக்குப் போனோம். தெரிந்த ஒருவரின் மகள் பெரியபிள்ளை ஆனதற்கு, கல்யாண மண்டபத்தைத் தோற்கடிக்கும் ஒரு ஹோலில் விழா. அம்மாவுக்குப் பக்கத்துக் கதிரையில் நார்த்மீட்டில் இருக்கும் ஒரு அன்ரி. மகன் டாக்டர், மகள் பல் டாக்டர், அதை எல்லோருக்கும் தெரியப்படுத்துவது அன்ரியின் முழுநேர வேலை. நான் மட்டன் ரோல்ஸ் தட்டோடு வந்து நின்ற நேரம் பார்த்து அவர் கேட்டார்.

"தம்பி என்ன செய்யிறார்?"

நான் வாயிலிருந்த ரோல்ஸை விழுங்குவதற்குள் அம்மா முந்திக்கொண்டார்.

"எஞ்சினியர். கவர்மென்ட்டிலை."

"அப்பிடியே! எந்த டிப்பார்ட்மென்ட்?"

அம்மா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை எனக்கு இப்போதும் தெரியும். கெஞ்சலும் அதட்டலும் ஒன்றாக இருந்தன. "ரோட்டு வேலை, அன்ரி" என்றேன். அதில் பொய் இல்லை. நாள் முழுக்க நான் ரோட்டில்தானே நிற்கிறேன்.

வீட்டுக்கு வரும்போது காருக்குள் வெடித்தேன்.

"அம்மா, நான் களவெடுக்கிறனோ? பொய் சொல்லி மறைக்கிற அளவுக்கு என்ன கேவலமான வேலை செய்யிறன்?"

"உன்னைப் பற்றி ஆர் கதைச்சது? அப்பான்ர நோட்டீசிலை போட்டாச்சு. மதில் மதிலா ஒட்டியாச்சு. இப்ப நான் வேறை சொன்னால் செத்த மனுசன் பொய்யன் ஆகிறார்."

"அப்ப நான்?"

"நீ உயிரோடை இருக்கிறாய் தானே. உனக்கென்ன?"

இப்படி ஒரு நியாயத்தை எந்தக் கோர்ட்டில் போய் உடைப்பது?  கோபத்துக்கு அடியில் எனக்கு இருந்தது வேறொன்று. அம்மாவின் விசாவில் சில கிழமைகள்தான் மீதி இருந்தன. அவர் என்னை நினைத்து வெட்கப்பட்டுக்கொண்டே திரும்பிப் போய்விடுவாரோ என்ற பயம். அவருக்கு வயதாகிவிட்டது. அடுத்த முறை என்று ஒன்று இருக்குமா என்று யாரால் சொல்ல முடியும்?

மறுநாள் டிப்போவில் சாப்பாட்டு நேரத்தில் சீன அக்காவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். சீன அக்கா என்பது நான் வைத்த பேர். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர், வட சீனாவில் பனி கொட்டும் ஒரு ஊர்க்காரி, என்னுடன் ஒரே நாளில் வேலையில் சேர்ந்தவர். அவர் ஆங்கிலமும் என் ஆங்கிலமும் ஒன்றுக்கொன்று தோதானவை, அதனால் எங்களுக்குள் எந்தச் சிக்கலும் இல்லை. நோட்டீஸ் கதையைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கொறித்துக்கொண்டிருந்த சூரியகாந்தி விதையெல்லாம் மேசையில் சிதறியது.

"சியென் ச்சின் யாங் மிங்" என்றார். "நான்கே சொல். எங்கள் ஊரில் பிள்ளைகளுக்குச் சோற்றோடு ஊட்டுவார்கள். நீ பேர் எடு, அந்தப் பேரால் பெற்றவர்களை நாலு பேர் முன்னால் விளங்கவை. அதுதான் பிள்ளையின் கடன். என் அப்பா அதைத் தூரிகையால் எழுதிச் சுவரில் மாட்டியிருந்தார்."

"நீங்கள் பஸ் ஓட்டுவது வீட்டில் தெரியுமா?"

"அம்மாவுக்குத் தெரியும். பக்கத்து வீட்டுக்காரர்களிடம் என் மகள் சிட்னியில் போக்குவரத்தை நிர்வகிக்கிறாள் என்று சொல்லியிருக்கிறார்." மறுபடியும் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "நானும் யோசித்திருக்கிறேன். பேர் எடு என்கிறார்கள். ஒரு நாளைக்கு எத்தனை பேரை ஏற்றி இறக்குகிறோம், அதில் ஒருவருக்காவது நம் பேர் தெரியுமா?"

அவர் சொன்னது சரிதான். டிப்போவில் எங்களை எண்ணால்தான் கூப்பிடுவார்கள், பயணிகளுக்கு நாங்கள் வெறும் டிரைவர். இரவு அம்மா புட்டைப் போட்டுக்கொண்டிருந்தபோது, குத்திக் காட்டத்தான் அந்தக் கதையை எடுத்தேன்.

"உங்களைப் போலத்தான் சீனாக்காரரும், அம்மா. அவையளுக்கும் பிள்ளையள் பேர் எடுத்துத் தாய் தேப்பனை விளங்கவைக்கோணுமாம். அதுக்கு ஒரு பழமொழியே வைச்சிருக்கினம்."

அம்மாவின் காதில் விழுந்தது வேறு.

"அந்தப் பிள்ளையும் பஸ்தான் ஓடுதோ? பொம்பிளைப் பிள்ளையோ?"

"ஓம்."

"இந்தப் பெரிய பஸ்ஸோ?"

"ஓமம்மா, இதேதான்."

 அம்மா இன்னொரு கரண்டி புட்டை என் தட்டில் போட்டார். தலை நிமிர்த்தாமல், "உன்ர பஸ்ஸிலை ஒரு நாளைக்கு வரட்டே?" என்று கேட்டார். வந்து இவ்வளவு நாளில் என் வேலையைப் பற்றி அவராக வாய் திறந்தது அப்போதுதான்.

சனிக்கிழமை காலை பரமட்டா நிலையத்தில் என் பஸ் நிற்கும் இடத்தைச் சொல்லி, ரெயிலில் வரவேண்டிய விதத்தையும் இரண்டு முறை படிப்பித்துவிட்டுத்தான் வேலைக்குப் போனேன். நேரத்துக்கு முன்பே வந்து நின்றார். கோயிலுக்குப் போவதுபோல நல்ல சேலை, நெற்றியில் திருநீறு, கையில் பெரிய பை. டிக்கெட் கார்ட்டைத் தட்டாமல் ஏறுங்கோ என்று சொல்லிப் பார்த்தேன். "என்ர மகன்ர பஸ் எண்டு ஓசியிலை போறதோ?" என்று கார்ட்டை இரண்டு முறை தட்டினார், இயந்திரம் கோபித்துக்கொண்டு கத்தியது.

ஏறியவர் உட்காரவில்லை. திரும்ப இறங்கினார். எதையோ கீழே போட்டுவிட்டார் என்று நினைத்தேன். அம்மா பஸ்ஸின் முன்னால் போய், சேலையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு, இடது பக்கச் சில்லடியில் குனிந்தார். முன்கண்ணாடியால் எட்டிப் பார்த்தேன். பையிலிருந்து ஒரு தேசிக்காயை எடுத்துச் சில்லுக்கு முன்னால் வைத்துக்கொண்டிருந்தார்.

எங்கள் ஊரில் புது வாகனம் எடுத்தால் கோயிலடிக்குக் கொண்டுபோய்ச் சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைத்து நசுக்கித்தான் ஓடத் தொடங்குவோம். கார், சைக்கிள், உழவுமெசின் எல்லாவற்றுக்கும் அது உண்டு. ஆனால் அது சொந்த வாகனம். இது அரசாங்கத்தின் சிட்னிப் பஸ், சனிக்கிழமைச் சனம் வேறு வரிசையில் நிற்கிறது.

"அம்மா! என்ன விசர் வேலை பாக்கிறியள்? எழும்புங்கோ!"

"சும்மா இரடா. மற்றப் பக்கமும் வைக்கோணும்."

மற்றப் பக்கம் என்றால் பஸ்கள் வந்து போகும் பக்கம். என் உயிர் போய் வந்தது. பிரேக்கைப் போட்டுவிட்டுப் பாய்ந்து இறங்கி, அம்மாவின் கையிலிருந்த இரண்டாவது தேசிக்காயைப் பறித்தேன். பறித்து என்ன செய்வது? பைக்குள் போட்டால் அம்மா விடமாட்டார். நீலச் சட்டையோடு, அடையாள அட்டை கழுத்தில் தொங்க, வலது சில்லடியில் முழங்காலில் இருந்து நானே அதை வைத்தேன். நிமிர்ந்தால் வரிசையில் நின்ற பாதிச் சனம் எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு நேபாளப் பெண் மட்டும் விளங்கிச் சிரித்தாள்.

"புது பஸ்ஸா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"இல்லை, பழசு."

"என்ன கேக்கிறாள்?" என்றார் அம்மா. சொன்னேன். "சொல்லு, பஸ் பழசுதான், நான் இண்டைக்குத்தான் பாக்கிறன் எண்டு."

நான் அதைச் சொல்லவில்லை.  அம்மாவையும் வரிசையில் நின்ற சனத்தையும் ஏற்றிக்கொண்டு பஸ்ஸை எடுத்தேன். இரண்டு தேசிக்காயும் நசுங்கியதை அம்மா யன்னலால் எட்டிப் பார்த்து உறுதிப்படுத்திக்கொண்டு, முன்கதவுக்குப் பக்கத்து ஆசனத்தில் சேலையை ஒதுக்கி அமர்ந்தார். எனக்குத் தலையைத் திருப்பினால் தெரியும் இடம். ஓட்டுநருடன் பேசவேண்டாம் என்று அவர் தலைக்கு மேலேயே எழுதியிருக்கிறது. அம்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாதது யார் செய்த புண்ணியமோ.

மூன்றாவது நிறுத்தத்தில் பின்கதவால் இறங்கிய ஒரு கட்டட வேலையாள், வெளியே கால் வைத்தபடி, "தாங்க்யூ டிரைவர்!" என்று கத்திவிட்டுப் போனான். அம்மா திடுக்கிட்டார்.

"ஏன்டா அவன் கத்துறான்? என்ன பிழை விட்டனீ?"

"தாங்க்ஸ் சொல்லுறான், அம்மா."

"எதுக்கு?"

"பஸ் ஓடினதுக்கு."

"அதுக்குச் சம்பளம் தருகினம் தானே?"

 விளங்கப்படுத்த எனக்கே தெரியாது. நான் வந்த புதிதில் எனக்கும் அது விசராகத்தான் பட்டது. எங்கள் ஊர் மினிபஸ்ஸில் இறங்கும்போது, "கெதியா இறங்குங்கோ" என்று கண்டக்டர் கத்துவார், நாங்கள் பதிலுக்குத் திட்டுவோம், கணக்குச் சரி. இங்கே பள்ளிக்கூடப் பிள்ளை தொடங்கிக் கைத்தடிக் கிழவி வரை ஆளுக்கொரு தாங்க்யூ சொல்லித்தான் இறங்குவார்கள். நான் அதைக் கேட்டுக் கேட்டுப் பழகி, காதில் விழுவதே நின்றுபோயிருந்தது.

அம்மாவின் காதில் எல்லாம் விழுந்தது. அடுத்த நிறுத்தத்தில் ஒரு தாயும் குழந்தையும். அந்தச் சின்னது மழலையில் சொல்லிவிட்டுக் கையும் காட்டியது. அதற்கடுத்தது காதில் வயர் மாட்டிய ஒரு பெடியன். யாரையும் ஏறிட்டுப் பார்க்காதவன், இறங்கும்போது மட்டும் வாய்க்குள் முணுமுணுத்தான். "அவனும் சொல்லுறான்" என்றார் அம்மா. ஒரு நிறுத்தத்தில் சக்கர நாற்காலியில் ஒரு பெண்மணி காத்திருந்தார். பஸ்ஸை ஒரு பக்கம் தாழ்த்தி, இறங்கிப் போய்ச் சரிவுப் பலகையை விரித்து அவரை ஏற்றி, நாற்காலிக்கு இடம் ஒதுக்கிவிட்டு வந்தேன். நாளாந்தம் செய்கிற வேலை. திரும்பி வந்து இருக்கும்போது அம்மா என்னைப் பார்த்த பார்வை, முதல் முறை சம்பளக் காசில் அவருக்குச் சேலை எடுத்து அனுப்பியபோதுகூட இருந்திருக்காது. அந்தப் பெண்மணி இறங்கும்போது எனக்கு நன்றி சொன்னார். அம்மா எழுந்து நின்று அவருக்குக் கைகூப்பினார்.

அதிலிருந்து தொடங்கியது. முன்கதவால் யார் தாங்க்யூ சொல்லி இறங்கினாலும் அம்மா இருந்த இடத்தில் கைகூப்பினார். எனக்கு வெட்கமாக இருந்ததா என்றால், ஓம், இருந்தது. ஆனால் நிறுத்தச் சொல்ல மனம் வரவில்லை. "உன் அம்மாவா?" என்று ஒரு கிழவர் கேட்டார். "ஓம், என் அம்மா" என்றேன். அதைச் சொல்ல எனக்கு எவ்வளவு சந்தோசமாக இருந்தது என்று அவருக்குத் தெரிந்திருக்காது.

கடைசித் தரிப்பிடத்தில் பஸ் வெறுமையாகக் கொஞ்ச நேரம் நின்றது. அம்மா பையைத் திறந்து பிளாஸ்க்கில் தேநீரும் ரொட்டியும் சம்பலும் எடுத்தார். சாப்பிட்டோம்.  பிறகு அவர் எழுந்து வந்து ஸ்டியரிங்கைத் தொட்டுப் பார்த்தார். "பாரமோ?" என்று கேட்டார். "இல்லையம்மா" என்றேன். பையிலிருந்த சின்னக் கடதாசிச் சரையிலிருந்து கொஞ்சம் திருநீறு எடுத்து என் நெற்றியில் பூசிவிட்டு, மிச்சத்தை ஸ்டியரிங்கில் துடைத்தார்.

திரும்பும் வழியில் நார்த்மீட்டில் ஒரு நிறுத்தம். தூரத்தில் கையை நீட்டியபடி நின்ற ஆளை உடனே அடையாளம் கண்டுவிட்டேன். சாமத்தியவீட்டு அன்ரி. சொந்தக் காரைத் தவிர வேறெதிலும் கால் வைக்காதவர், அன்றைக்கென்று பார்த்துக் கார் சேர்விசில் இருந்ததாம். நிறுத்தாமல் போனால் வேலை போய்விடும். நிறுத்தினேன். அன்ரி ஏறினார், கார்ட்டைத் தட்டினார், என்னைப் பார்க்கவில்லை. டிரைவரின் முகத்தை யார் பார்க்கிறார்கள்? கறுப்புக் கண்ணாடி வேறு போட்டிருந்தேன். தப்பினேன் என்று நான் மூச்சு விட, அம்மாவைக் கண்டுவிட்டார்.

"அட, நீங்களோ! தனியவோ வந்தனீங்கள்?" என்றபடி பக்கத்தில் அமர்ந்தார். "மகன் எங்க? சனிக்கிழமையும் வேலையோ?"

நான் கதவை மூடிவிட்டுப் பஸ்ஸை எடுக்காமல் இருந்தேன். அம்மா "ஓம், வேலை" என்று சொல்லி முடித்திருக்கலாம். அதோடு எல்லோர் மானமும் காப்பாற்றப்பட்டிருக்கும், அப்பாவின் மானம் உட்பட. அம்மா மடியிலிருந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"ஓம், வேலைதான்" என்றார். "உங்களை ஏத்திக்கொண்டு போறது அவன்தான்."

அன்ரி சிரித்தார். பகிடி என்று நினைத்துவிட்டார் போல. பிறகு என் பக்கம் திரும்பினார். நான் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினேன்.

"வணக்கம் அன்ரி."

"எஞ்சினியர் எண்டெல்லோ சொன்னனீங்கள்?" என்று அம்மாவிடம் கேட்டார். குரலில் நக்கல் இல்லை. உண்மையாகவே குழம்பிப்போயிருந்தார்.

"அது இவன்ர அப்பான்ர ஆசை" என்றார் அம்மா. "இது இவன்ர வேலை."

நான் பஸ்ஸை எடுத்தேன். வேறென்ன செய்வது? கண்ணில் நீர் முட்டினால் ரோட்டுத் தெரியாது, பின்னால் சனம் இருக்கிறது. பரமட்டா வரை அவர்கள் இருவரும் என்ன கதைத்தார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. அன்ரி தலையைக் கிட்டக் கொண்டுபோய் எதையோ சொல்ல, அம்மா "உண்மையாவோ?" என்று கேட்டது மட்டும் காதில் விழுந்தது.

நிலையத்தில் எல்லோரும் இறங்கினார்கள். அன்ரி பின்கதவை நோக்கி நடந்தார். அம்மா விடவில்லை.

"தங்கச்சி, இஞ்ச இறங்கேக்கை டிரைவருக்குத் தாங்க்யூ சொல்லோணும். எல்லாரும் சொல்லுகினம், நான் காலமை தொடக்கம் பாத்துக்கொண்டுதான் வாறன்."

இந்த நாட்டில் முப்பது வருடத்துக்கு மேல் இருக்கும் மனுசிக்கு, வந்து மூன்று கிழமையான என் அம்மா இந்த நாட்டு வழக்கத்தைச் சொல்லிக்கொடுக்கிறார்! அன்ரி கோபிக்கவில்லை. முன்கதவுக்குத் திரும்பி வந்தார். "தாங்க்யூ தம்பி" என்றார். "பரவாயில்லை அன்ரி, கவனமாப் போங்கோ" என்றேன். முதல் முறையாக அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார், நல்ல சிரிப்பு.

"என்னவாம் உங்கட காதுக்குள்ளை?" என்று அம்மாவைக் கேட்டேன்.

"அவவின்ர மனுசன் வந்த புதிசிலை டாக்சி ஓடினவராம். பிள்ளையளுக்கே சொல்லேல்லையாம். பாவம்."

அம்மா இறங்குவதற்காகப் பையைத் தோளில் போட்டார். ஆனால் படியில் நின்றுகொண்டார்.

"சித்தப்பாவிட்டைச் சொல்லிவை. என்ர நோட்டீசிலை எஞ்சினியர் கிஞ்சினியர் எண்டு போடக்கூடாது. பஸ் டிரைவர், சிட்னி எண்டு போடோணும். பெரிய எழுத்திலை."

"விசர்க்கதை கதையாதேங்கோ அம்மா! இப்ப ஏன் நோட்டீசு?"

"சொல்லுறதைக் கேள்."

"அப்ப அப்பான்ர நோட்டீஸ்? அவர் பொய்யன் ஆகிறாரெண்டு சொன்னீங்களே?"

அம்மா கொஞ்சம் யோசித்தார். சங்கக்கடைக்குப் போய் ஒரு சாமான் வாங்கி வருகிறேன் என்பதுபோல லேசாகச் சொன்னார்.

"அப்பாட்டை நான் போய்ச் சொல்லுறன். நான் கண்ணாலை பாத்ததைச் சொன்னால் அவர் நம்புவார்."

 பிள்ளை பேர் எடுத்துப் பெற்றவரை விளங்கவைக்கவேண்டும் என்று அந்தச் சீனச் சொல் சொல்கிறது. என் பேரை அந்தப் பஸ்ஸில் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் அன்றைக்கு அம்மா என்னை நாலு பேர் முன்னால் விளங்கவைத்துவிட்டார், நான் யார் என்று எனக்கே விளங்கவைத்துவிட்டார். பின்னால் அடுத்த பஸ் ஹோர்ன் அடித்தது.

அம்மா கைப்பிடியைப் பிடித்துக் கவனமாக இறங்கினார். நடைபாதையில் கால் ஊன்றியதும் திரும்பி நின்றார். எங்கள் வீட்டில் தாயும் பிள்ளையும் நன்றி சொல்லிக்கொண்டதில்லை, சொன்னால் அந்நியம். என்ன வரப்போகிறது என்று தெரிந்து நான் காத்திருந்தேன், வாய்விட்டுச் சிரிப்பு வந்தது.

"தாங்க்யூ டிரைவர்" என்றார் அம்மா. சத்தமாக, சனம் கேட்க, அந்தக் கட்டட வேலையாள் கத்தியதைப் போலவே.

நானும் இருந்த இடத்தில் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு அவருக்குக் கைகூப்பினேன்.